இரண்டாவது கீப்பரின் கட்டைவிரல்

என் பேச்சிலிருந்து நாற்பது விநாடியை வெட்டி எறிந்துவிட்டார்கள். அந்த நாற்பது விநாடியைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நான் விளையாடிய கால்பந்து கிளப்பிலிருந்து ஒரு பெண் போன மாதம் செங்காங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். கிளப்புக்காக இணையத்தில் வீடியோ போடுவது அவள் வேலை. மூன்று கால் ஸ்டாண்டில் கைபேசியை மாட்டி, என்னைச் சன்னல் பக்கம் உட்கார வைத்தாள்.

"அங்கிள், எய்ட்டீன் சீசன்! ஒரே கிளப்ல! எப்படி அங்கிள் முடிஞ்சுது? எங்க யங் கீப்பர்ஸுக்கு ஒரு மெசேஜ் சொல்லுங்க லா. டூ மினிட்ஸ் போதும்," என்றாள்.

சொன்னேன். நான் ஒரு சாதாரண கோல்கீப்பர், கைக்கு வரும் பந்தைப் பிடிப்பேன், வராத பந்தை வேடிக்கை பார்ப்பேன் என்று சொல்லிச் சிரித்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மீதியையும் சொன்னேன். பதினெட்டு வருடம் நான் நீடித்ததற்குக் காரணம் திறமை இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நாள் மூடியதால், என்னைவிடப் பத்து மடங்கு நல்ல கீப்பரான ஹமீதுக்கு இருபத்தொன்பது வயதில் மண்டையில் அடிபட்டு ஆட்டமே முடிந்துபோனது. அவனிடம்கூட இதை நான் அதுவரை ஒப்புக்கொண்டதில்லை. அந்தப் பெண்ணிடம் இதையும் சேர்த்துத்தான் பேசினேன்.

வீடியோ வந்தது. நான் சிரிக்கிறேன். பின்னால் ஏதோ ஒரு இசை. கீழே பெரிய எழுத்தில், 'விசுவாசம் என்றால் மணியம் அங்கிள்!' விசுவாசமாம். மண்ணாங்கட்டி. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், அந்தப் பார்ட் கொஞ்சம் ஹெவியா இருந்துச்சு. வீடியோவோட டோனுக்கு செட் ஆகல," என்றாள்.

அவளைத் திட்டிப் பயனில்லை. அப்போது அவள் பிறந்திருக்கவே மாட்டாள். ஆனால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் கீப்பர் ஆனது பெரிய கதை ஒன்றும் இல்லை. பள்ளியில் எல்லாரையும்விட உயரம், ஓடுவதற்குச் சோம்பேறி, கம்பங்களுக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி முடித்து வந்தபோது கிளப்பில் இரண்டாவது கீப்பர் இடம் காலியாக இருந்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் முதல் கீப்பர் ஆகப்போவதில்லை என்று. கோச்சுக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். என்னைவிட வேகமாக ஓடியவன், உயரமாக எகிறியவன், நாட்டுக்காக ஆடியவன் எல்லாம் நாலு வருடம், ஐந்து வருடத்தில் காணாமல் போனான். நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தே தலை நரைத்தேன். பதினெட்டு சீசனில் நான் ஆடிய ஆட்டங்கள் ஐம்பதைத் தாண்டாது.

இரண்டாவது கீப்பர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கிறார்கள். எவன் சொன்னது? ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அவன் வேலை முடிந்துவிடும். மற்றவர்கள் மைதானத்துக்கு வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே நாங்கள் இரண்டு பேரும் இறங்கிவிடுவோம். முதலில் ஆறு அடி தூரத்திலிருந்து நெஞ்சுக்கு நேராக, கையில் தட்டிக் கொடுப்பதுபோல இருபது பந்து. பிறகு தரையோடு இடம், வலம். அப்புறம் ஒரு தட்டு தட்டி எழும்பி வரும் பந்துகள். அப்புறம் ஓரத்திலிருந்து உயரத் தூக்கிப் போடும் கிராஸ். கடைசியாகப் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து பலமான ஷாட் பத்துப் பன்னிரண்டு.

எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு பந்து, ரொம்ப எளிதாக, நேராக அவன் நெஞ்சுக்கு. அதை அவன் இறுகப் பிடித்து அணைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பிடித்த பந்தோடு முடிக்க வேண்டும், விட்ட பந்தோடு முடிக்கக் கூடாது. இது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். உலகத்தில் எந்த மைதானத்திலும் இப்படித்தான் முடிப்பார்கள்.

அந்தக் கடைசிப் பந்துக்குப் பிறகு எங்கள் கிளப்பில் இன்னொரு வழக்கம் இருந்தது. கோச் கோட்டோரத்தில் நின்று என்னைப் பார்ப்பார். முதல் கீப்பரைப் பார்க்க மாட்டார். ஏனென்றால் கை உடைந்திருந்தாலும் அவன் 'ஓக்கே' என்றுதான் சொல்வான், இடம் போய்விடுமே. அரை மணி நேரம் பந்து போட்டவனுக்குத்தான் அவன் கை எப்படி இருக்கிறது, கண் எப்படி இருக்கிறது என்று தெரியும். நான் கட்டைவிரலைத் தூக்க வேண்டும். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார். நல்ல ஏற்பாடு என்று தோன்றும். அதில் இருந்த கோளாறு எனக்கு இரண்டாவது வருடமே புரிந்துவிட்டது.

அப்போது இருந்த முதல் கீப்பருக்குத் தோள்பட்டை வலி. கிராஸுக்குக் கை மேலே எழும்பவே இல்லை. நான் முட்டாள்தனமாக உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்று அவனை உட்கார வைத்து என்னை இறக்கினார்கள். நாலு கோல் விட்டேன். திங்கட்கிழமை பயிற்சிக்குப் போனால் ஒருத்தனும் பேசவில்லை. என் கையுறைகள் டிரெஸ்ஸிங் ரூம் குப்பைத் தொட்டியில் கிடந்தன. அவன் இடத்துக்குக் கண் வைத்துப் போட்டுக் கொடுத்தேனாம். கோச் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

கோச் தங்கவேல் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலர் வைத்த டீ-ஷர்ட்டைக்கூட இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் போடுவார். கத்த மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், நம் பூட்ஸைப் பார்ப்பார். நமக்கே சேறு ஒட்டியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிடும். எல்லாரிடமும் ஆங்கிலம்தான். என்னிடம் தமிழில் பேசினார் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். அன்று தமிழில் பேசினார்.

"மணி, அவன் இடம் உனக்கு வேணும்னா பந்தப் புடிச்சு வாங்கு. வாயால வாங்காத."

"கோச், நீங்க கேட்டீங்க, அதான்..."

"நான் கேப்பேன். கேக்கறது என் வேல. நீ யாருங்கிறத ஞாபகம் வச்சுக்க."

அதோடு சரி. அதற்குப் பிறகு என் கட்டைவிரல் ஒரு முறைகூட இறங்கியதில்லை. முதுகு பிடித்தவனுக்கும் தூக்கினேன், காய்ச்சலோடு வந்தவனுக்கும் தூக்கினேன். அடுத்த வருடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் என் பூட்ஸைப் பார்த்துச் சொன்னார், "உன்னால எனக்குத் தலைவலியே இல்லடா." அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

என்னுடைய ஐந்தாவது வருடத்தில் ஹமீது வந்தான். இருபத்திரண்டு வயது. அவன் அத்தா லிட்டில் இந்தியாவில் பெட்டிக் கடை வைத்திருந்தார், ஊருக்குப் போகிறவர்கள் வாங்கும் பெரிய சூட்கேஸ் பெட்டிகள். கடைச் சந்தில் சுவரில் பந்து அடித்துப் பழகியவன். அவன் பந்தைப் பிடித்தால் சத்தமே வராது. எனக்கு அவன்மேல் பொறாமை இருந்ததா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. திறமையில் அவ்வளவு தூரம் இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும். ஏழு வருடம் அவனுக்கு நான் பந்து போட்டேன். என் மனைவியைவிட அவனோடுதான் அதிக நேரம் இருந்திருப்பேன். பயிற்சி முடிந்தால் அவன் வாங்கிக் கொடுக்கும் தே தாரிக் டீ இல்லாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

என் பன்னிரண்டாவது வருடம். ஒரு வியாழக்கிழமை பயிற்சியில் கிராஸுக்கு எழும்பினான், எங்கள் ஆளுடைய முழங்கால் அவன் காதுக்கு மேலே மோதியது. விழுந்தான். நாலைந்து விநாடி அசையவில்லை. கோச் நடந்து வந்து பார்த்தார், "தண்ணி குடு," என்றார், பயிற்சி தொடர்ந்தது. இப்போது என்றால் தலையில் அடிபட்டவனை டாக்டர் சொல்லாமல் மைதானத்தில் கால் வைக்கவிட மாட்டார்கள், பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரு தண்ணீர் போத்தல்.

பயிற்சி முடிந்து போனால், கழிவறையில் ஹமீது குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"டேய் மணி, சொல்லிடாதடா," என்றான். "சனிக்கிழமை ஆடணும். எல்லாம் சரியாயிடும்."

நான் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையா என்று இன்று யாராவது கேட்டால், ஆமாம், பத்து வருடமாக அதே கொழுக்கட்டைதான்.

சனிக்கிழமை மாலை வேறு கிளப்பின் மைதானத்தில் ஆட்டம். எங்கள் பிசியோதெரபி ஆள் சொந்த மைதானத்து ஆட்டத்துக்கு மட்டும்தான் வருவார். நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். நெஞ்சுக்கு நேராகப் போட்ட இருபதில் ஆறோ ஏழோ நழுவியது. ஹமீதுக்கு! தரையோடு போட்டதில் இடப்பக்கம் சரியாக விழுந்தான், வலப்பக்கம் பந்து போன பிறகு விழுந்தான். கிராஸ் போட்டேன். பந்து வராத இடத்தில் போய் நின்றான். ஃப்ளட் லைட்டை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடினான்.

"என்னடா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. போடு."

ஷாட் போடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடைசிப் பந்துக்கு வந்தேன். நேராக நெஞ்சுக்கு, ஏழு வருடமாகப் போட்ட அதே பந்து. கையை விரித்தான், பந்து கைக்கு நடுவே நுழைந்து நெஞ்சில் பட்டுத் தெறித்தது. விட்ட பந்தோடு முடிக்கக் கூடாதே. இன்னொன்று போட்டேன், இன்னும் மெதுவாக. அதையும் விட்டான். மூன்றாவது பந்தை நான் உதைக்கவே இல்லை. குனிந்து தரையில் உருட்டினேன், கைக்குழந்தைக்கு உருட்டுவதுபோல. அதைக் குனிந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

இதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. அவன் பிடிக்கிற அளவுக்குப் பந்தை எளிதாக்கிக்கொண்டே போனேன். பிடித்துவிட்டான் என்று எனக்கு நானே கணக்குக் காட்டிக்கொண்டேன். நிமிர்ந்தால் கோட்டோரத்தில் கோச் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உருட்டியதையும் அவர் பார்த்திருப்பார். பார்க்காமல் இருக்க அவருக்கு என்ன கண் தெரியாதா? ஒரு விநாடி யோசித்தேன். குப்பைத் தொட்டியில் கிடந்த கையுறை ஞாபகம் வந்தது. வருடக் கடைசியில் வரும் ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. கட்டைவிரலைத் தூக்கினேன்.

இருபதாவது நிமிடம் ஒரு கார்னர். ஹமீது வெளியே ஓடி வந்தான், பந்தின் பாதையைவிட்டு இரண்டு அடி தள்ளி. எதிராளியின் தலை அவன் நெற்றிப்பொட்டில் மோதிய சத்தம் பெஞ்சுவரை கேட்டது. இந்த முறை அவன் எழவில்லை. ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் வந்தது. நான் ட்ராக்சூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அடுத்து நான்தானே இறங்க வேண்டும். எனக்கு வார்ம் அப் செய்துவிட யாரும் இல்லை.

மூளைக்குள் ரத்தக் கசிவு. ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஒரு கண்ணில் பாதிப் பார்வை போயிற்று, பேச்சு மெதுவாகிப்போனது, நினைத்த சொல் வாய்க்கு வர நேரம் பிடிக்கும். வலிப்புக்கு இன்றுவரை மாத்திரை. இரண்டு பெண் குழந்தைகள், மூத்தவளுக்கு அப்போது நாலு வயது.

கிளப்பில் விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். அதற்கு முதல் நாள் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தமிழில்தான்.

"மணி, நீ ஒண்ணும் பெருசா பேச வேணாம். வார்ம் அப் முடிஞ்சு கட்ட வெரலத் தூக்குன இல்ல? அதச் சொல்லு. போதும்."

"வியாழக்கிழமை கோச்..."

"வியாழக்கிழமை நீ டாக்டரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி! இத்தனை வருடமாக என்னிடம் கேட்டதெல்லாம் கீப்பரின் உடம்பைத் தெரிந்துகொள்வதற்கு இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் 'அவன்தான் சரி என்று சொன்னான்' என்று கைகாட்ட ஒருத்தன் வேண்டும். அதற்குத்தான் வருடா வருடம் என்னை வைத்துக்கொண்டார். புரிந்தும் என்ன செய்தேன்? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வார்ம் அப்பில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டபோது, இல்லை சார் என்றேன். அந்த வருடம் எனக்கு ஒரு வருட ஒப்பந்தத்துக்குப் பதில் இரண்டு வருடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். இன்னும் ஆறு சீசன் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன், புதிதாக வந்த கீப்பருக்கு அதே கட்டைவிரலைத் தூக்கினேன்.

கோச் தங்கவேல் இப்போது இல்லை. இருந்தால் இதை அவர் வீட்டு வாசலில் நின்று வாசித்திருப்பேன். அவருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒழுக்கம், கட்டுப்பாடு என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நானே ஒரு சாக்கு வைத்திருந்தேன். ஹமீதே 'சொல்லிடாதடா' என்று கெஞ்சினானே, நண்பன் பேச்சைக் காப்பாற்றினேன், அவ்வளவுதானே என்று. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தூங்கினேன்.

வீடியோவில் வெட்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. கிளப் மறைத்தால் மறைக்கட்டும், அவனிடமாவது நேரில் சொல்லிவிடுவது என்று போன செவ்வாய்க்கிழமை மதியம் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். கடையை இப்போது அவன் மனைவி நூர்ஜஹான் பார்த்துக்கொள்கிறாள். துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவியும் ஞாயிற்றுக்கிழமையில் ஹமீதால் அங்கே இருக்க முடியாது, சத்தம் தாங்காது. மற்ற நாளில் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டிகளின் குட்டிச் சாவிகளைப் பூட்டோடு சேர்த்து நூல் கட்டுவான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வீடியோ... பாத்தேன். நல்லா... சிரிச்ச," என்றான்.

நிற்கும்போதே சொல்லிவிட்டேன். நழுவிய பந்துகள், வலப்பக்கம், மூன்றாவது பந்தை உருட்டியது, கட்டைவிரல், விசாரணையில் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. நூர் கல்லாவை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். சொல்லி முடித்ததும் என் வாய் சும்மா இருந்ததா? பழக்கதோஷம், அந்தச் சாக்கையும் எடுத்து வைத்தேன்.

"நீதானடா அன்னிக்குக் கழிவறையில சொல்லாதன்னு சொன்ன."

ஹமீது வாயைத் திறந்தான், சொல் வரவில்லை. நூர்தான் பேசினாள். அவள் என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியவள் இல்லை.

"வியாழக்கிழமை சொன்னத நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க மணி அண்ணே. சனிக்கிழமை வீட்ட விட்டுப் போவும்போது என்னா சொன்னாருன்னு தெரியுமா ஒங்களுக்கு? செவத்தப் புடிச்சுக்கிட்டு நடக்கறாரு. போவாதீங்கன்னு கதவ மறிச்சு நின்னேன். கைப்பிள்ள ஒண்ணு இடுப்புல. 'மணி இருக்கான் நூரு. ரெண்டு பந்து போட்டா அவனுக்குத் தெரிஞ்சிரும். என்னால முடியலன்னா அவன் சொல்லிருவான், நானே சொன்னாத்தான் கேவலம்'னாரு. ஒங்க பேரச் சொன்னதுக்கப்புறந்தான் நான் கதவ விட்டேன்."

நான் ஹமீதைப் பார்த்தேன். இல்லை என்று அவன் ஒரு முறை தலையை ஆட்டினால் போதும் என்று இருந்தது எனக்கு.

"அப்படியாடா சொன்ன?"

அவன் சொல்லைத் தேடினான். நெற்றி சுருங்கியது, உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. நானும் நூரும் காத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் கோபமே இல்லாமல், இவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல என்னைப் பார்த்துக் கேட்டான்.

"வேற... யாரு... சொல்லுவா?"